ஆரணியின் கயிறு பிடித்த கதை

1

டென்மார்க்கில் மலை கிடையாது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வரும் எதையும் நம்பமாட்டீர்கள். யாழ்ப்பாணம் எப்படித் தட்டையோ அப்படித் தட்டை இந்த நாடு. பாலத்தில் சைக்கிள் ஓடினால்தான் ஏற்றம் என்று ஒன்று தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த என் மகள் ஆரணிக்கு மலையேறுகிற ஆசை, அதுவும் உறைந்துபோன அருவியில் ஏறுகிற ஆசை, எங்கிருந்து வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நோர்வேயில் குளிர்காலத்தில் மலையிலிருந்து விழும் தண்ணீர் விழுந்தபடியே இறுகிச் சுவர் மாதிரி நிற்கும். சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பற்களைப் பூட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் சின்னக் கோடரி பிடித்து, அதில் கொத்திக் கொத்தி ஏறுவார்கள். இடுப்பில் ஒரு பட்டி, பட்டியில் கயிறு. அந்தக் கயிறு உச்சியில் ஒரு வளையத்துக்குள்ளால் போய்த் திரும்பக் கீழே வரும். கீழே ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏறுகிறவர் தவறினால் கீழே நிற்கிறவர்தான் காப்பு. ஏன் ஏறுகிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நானும் மனைவி கமலாவும் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்து அழுத்திக் கொடுக்கும் பெரிய சலவை ஆலையில் எனக்கு வேலை. ஆரணி நாட்டின் மற்றக் கரையில், எஸ்பியர்க்கில். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறி வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறாள். ஞாயிறு தோறும் போன் எடுப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். சாப்பிட்டியோ, ஓம். வேலை எப்படி, நல்லம். பிறகு அவள் தாயிடம் போன் போய்விடும். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. கதைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

எனக்கு அறுபது வரப்போகிறது என்றதும் கமலாவின் சகோதரங்கள் ரொறன்ரோவில் இருந்தும் பாரிசில் இருந்தும் ஆரவாரம் தொடங்கிவிட்டார்கள். மண்டபம் எடுத்து அறுபதாம் கலியாணம் செய்ய வேணுமாம்.

"திரும்பவும் மாலை போட்டுக்கொண்டு மணவறையில இருக்க எனக்கென்ன விசரே?" என்று கமலாவிடம் சொன்னேன்.

"அந்த நாளில இருந்த முகத்தைப் பாத்து ஆருக்கும் ஆசை தீரேல்லையாக்கும்," என்றாள்.

அந்த ஞாயிறு ஆரணி கேட்டாள், டெனிஷில்தான்: அப்பாவுக்கு அறுபதுக்கு என்ன வேண்டும்?

"உன்னோட ரெண்டு மூண்டு நாள் இருக்கவேணும் பிள்ளை. நீ எங்க போறியோ அங்க நானும் வாறன்."

பெப்ரவரியில் நோர்வே போவதாகச் சொன்னாள். பனிச்சுவர்.

"வாறன்."

"ஏறவோ?" இந்தச் சொல் தமிழில் வந்தது.

"ஏறவும்தான்," என்றேன். கமலா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

2

அன்றிலிருந்து என் மகள் எனக்கு அதிகாரியானாள். முதலில் டொக்டரிடம் போய் நெஞ்சும் சீனியும் பார்த்து அவர் சரி என்று சொல்லவேண்டும். சொன்னார். என்னைப் போலச் சீனி வருத்தத்துக்குக் குளுசை போடுகிறவர்களுக்குக் குளிரிலும் களைப்பிலும் சீனி சடாரென்று இறங்கலாம், ஆனபடியால் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்கவேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு டொக்டர் என்னை இனிப்புச் சாப்பிடச் சொன்ன சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்தது உடுப்பு. பருத்தியே கூடாது. வேர்வையில் நனைந்தால் காயாது, பிறகு குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும். ஆட்டு உரோமத்தில் உள்ளுடுப்பு, அதன்மேல் ஒன்று, அதன்மேல் காற்று புகாத ஒன்று. கையுறை மட்டும் இரண்டு சோடி, நனைந்தால் மாற்ற. கமலா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "கலியாணத்துக்குக்கூட உங்களுக்கு இவ்வளவு உடுப்பு எடுக்கேல்லை," என்றாள். மரக்கால் மாதிரிக் கனத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நான் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து பழகினேன். ஹெல்மெட்டை இரவல் வாங்கலாமோ என்று கேட்டதற்கு ஆரணியிடம் வாங்கிக் கட்டினேன். ஆர் தலையில எத்தனை தரம் அடிபட்டதெண்டு தெரியாத ஹெல்மெட்டைப் போடக்கூடாதாம், புதிசு வாங்குங்கோ என்றாள்.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஞாயிறு மட்டும் வந்த போன் புதன்கிழமையும் வரத் தொடங்கியது.

3

கொப்பன்ஹேகன் பக்கம் ஏறிப் பழகுகிற மண்டபம் ஒன்று இருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கட்டடம், சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிகள். நோர்வேக்கு எங்களைக் கூட்டிப்போக இருந்த வழிகாட்டி பிர்கிட்டா, டெனிஷ் பெண்மணி, அங்கே ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் கயிறு பிடிக்கப் பழக்கினார். ஆரணியும் ரயிலேறி வந்திருந்தாள்.

பிர்கிட்டா கதைக்கத் தொடங்கினால் மழை பெய்த மாதிரித்தான். நான் வாயைக் கவனிக்காமல் கையைக் கவனித்தேன். பிறநாட்டில் காலம் முழுக்க வேலை செய்தவனுக்குப் பார்த்துச் செய்வது கைவந்த கலை. மேல் கையால் இழு, கீழ்க் கையால் எடு, கீழ்க் கை மட்டும் கயிற்றை ஒருநாளும் விடாதே. செய்து காட்டினேன். "விளங்கியதா?" என்று கேட்டார். "யா, யா," என்றேன், ஓம் ஓம் என்று. நல்லது என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஆரணி கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு நின்றாள். ஏறுவதற்கு முன் சோடியாக ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். அவளின் முடிச்சை நான் பார்க்கவேண்டும், என் பட்டியை அவள் இழுத்துப் பார்க்கவேண்டும். பார்த்தாள். பார்த்துவிட்டு ஏறவில்லை. மற்றவர்களுக்கு விளங்காமல் இருக்கத் தமிழில் கேட்டாள்.

"பிர்கிட்டா கடைசியா என்ன சொன்னவ, சொல்லுங்கோ பாப்பம்."

"கயிறைக் கவனமாப் பிடிக்கச் சொன்னவ."

"இல்லை. என்ர பாரம் கயிறில வரேக்க உங்களை முன்னுக்கு இழுக்கும், அதாலை சுவருக்குக் கிட்ட நில்லுங்கோ எண்டு சொன்னவ. நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

நான் சுவரில் இருந்து எட்டத்தில், வசதியாக, ஆரோ கதிரை போட்டுத் தந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு யா எண்டால் உங்களுக்கு விளங்கினது. ரெண்டு யா எண்டால் விளங்கேல்லை. எனக்குத் தெரியாதோ அப்பா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. முடிச்சை அவிழ்த்தாள். "நீங்கள் ஏறுங்கோ, உங்கட கயிறை நான் பிடிக்கிறன். என்ர கயிறை பிர்கிட்டா பிடிக்கட்டும்."

பிர்கிட்டா திரும்பி வந்து, இவர் சரியாகத்தானே செய்கிறார் என்று கேட்டார். செய்கிறார், ஆனால் விளங்கவில்லை என்று ஆரணி டெனிஷில் சொன்னாள். அது எனக்கு நன்றாக விளங்கியது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னால் கமலா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். "விளங்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாயில இருக்கிற முத்துக் கொட்டுண்டு போமே?" என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

எனக்குப் பனியில் ஏறுவதில் ஒரு ஆசையும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அவளின் கயிற்றைப் பிடிக்கவேண்டும். அவள் தந்தால்தான் பிடிக்கலாம்.

4

இந்த "யா, யா" என்னோடு விமானத்தில் வந்த சாமான்.

ஊரில் எங்கள் சந்தியில் ஆமியின் சென்றி, காவல் சாவடி, ஒன்று இருந்தது. வேலைக்குப் போகவும் வரவும் அதைத் தாண்டவேண்டும். ஆமிக்காரன் சிங்களத்தில் ஏதோ கேட்பான். எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாது என்று கையை விரித்தவர்களை வெயிலில் இருத்தி வைத்ததைக் கண்டிருக்கிறேன், அடித்ததையும் கண்டிருக்கிறேன். தலையை ஆட்டி, கொஞ்சம் சிரித்து, ஓம் ஓம் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவான். என்னத்துக்கு ஓம் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உயிரோடு வீட்டுக்கு வந்தேன், அது போதுமாக இருந்தது.

இங்கே வந்த பிறகு ஆமியும் துவக்கும் இல்லை, ஆனால் கழுத்து ஆடிக்கொண்டே இருந்தது. மொழிப் பள்ளியில் யா, யா. கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில் யா, யா. ஒருமுறை எங்கள் குடியிருப்பின் வருடாந்தக் கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். யா, யா என்றேன். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வசந்தம் வந்து, கீழ் வீட்டு டெனிஷ் அம்மா கதவைத் தட்டிப் புல்வெட்டும் யந்திரத்தின் திறப்பைத் தந்தபோதுதான் தெரிந்தது, நான் தோட்டக் குழுவின் தலைவர். அந்தப் பதவியில் இருந்து என்னை இறக்க ஆரும் முன்வரவில்லை.

ஆரணி அப்போது சின்னப் பிள்ளை. இதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் கூடவே வந்தாள். நான் யா, யா என்றதும் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "அப்பா, உங்களுக்கு விளங்கேல்லை." பிறகு அவளே அந்த ஆளிடம் திருப்பிக் கேட்டு எனக்குச் சொல்வாள். கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்த பின்னேரங்களில் அவள் எனக்குக் காவல் நின்றிருக்கிறாள். அப்படிப்பட்டவள் தன் உயிரைத் தூக்கி என் கையில் தருவதற்கு யோசிப்பாள்தானே. யோசிக்கட்டும். வளர்த்தது பிழையில்லை.

5

அவள் எஸ்பியர்க்குக்குத் திரும்பும்போது இடுப்புப் பட்டியையும் பழகுகிற கயிற்றையும் கயிறு பிடிக்கும் கருவியையும் என்னிடம் விட்டுப் போயிருந்தாள். பெரிய ஒரு கடைக்குப் போய் இருபது கிலோ சம்பா அரிசி மூட்டை வாங்கினேன். எங்கள் மாடிப்படியின் மேல்தட்டுக் கம்பியில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் மூட்டையைக் கட்டி, வேலையால் வந்து தினமும் ஏற்றி இறக்கிப் பழகினேன்.

கீழ் வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"இது என் மகள்," என்று மூட்டையைக் காட்டினேன். டெனிஷில் எனக்கு அவசரத்துக்கு வந்த வசனம் அதுதான். அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்லது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஒரு வியாழக்கிழமை மூட்டை உச்சியில் தொங்கும்போது என் போன் அடித்தது. கீழ்க் கையை எடுத்தேன். ஒரு கணம்தான். மூட்டை படியில் அடித்துப் பிளந்தது. அரிசி கீழ்த்தட்டு வரைக்கும் சொரிந்தது. கமலா ஓடி வந்தாள். அரிசி போச்சே என்று கத்துவாள் என்று பார்த்தால், படியில் குந்திவிட்டாள்.

"பிள்ளையா இருந்திருந்தால்?" என்றாள்.

இரண்டு பேருமாக இருந்து அரிசியைக் கூட்டி அள்ளினோம்.

பிறகு ஆரணிக்கு நானே எடுத்தேன். "இண்டைக்கு உன்னை விழுத்திப்போட்டன் பிள்ளை."

நடந்ததைக் கேட்டாள். சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. "கையை ஏன் எடுத்தனீங்கள்?"

"போன் அடிச்சது."

"கயிறு கையில இருக்கேக்க போன் பொக்கெற்றில இருக்கக்கூடாது. நாங்கள் வேலையிலயும் அப்பிடித்தான். எல்லாரும் கழட்டி ஒரு பெட்டியில போடவேணும்."

"சரி. அப்ப கை விறைச்சால் என்ன செய்யிறது?"

அதற்குப் பதில் சொன்னாள். நான் இன்னொன்று கேட்டேன். கோடரி பனியில் இறுகினால்? மேலே நின்று அவள் பயந்தால்? அவள் பயப்படுவாளோ? "ஓம், ஒவ்வொரு முறையும்," என்றாள். எனக்குத் தெரியாது. பயம் இல்லாதபடியால்தான் ஏறுகிறாள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவள் ஒரு காற்றாலையின் உச்சியில் முதன்முதல் நின்று அழுததை அன்றைக்குத்தான் சொன்னாள். போன் சூடேறிக் காது சுடும்வரைக்கும் கதைத்தோம். பாதி தமிழ், பாதி டெனிஷ். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றேன். மகளிடம் சொல்வது பெரிய காரியமில்லை.

மேலே இருந்து எனக்குக் கட்டளையிடத் தமிழ்ச் சொற்களை அவள்தான் கேட்டாள். அங்கே எல்லோரும் டெனிஷிலும் நோர்வே மொழியிலும் கத்துவார்கள், தமிழில் கத்தினால் ஒருவரின் கட்டளை இன்னொருவருக்கு என்று மாறிப்போகாது என்றாள்.

"கயிறை இறுக்க 'பிடி.' கீழ வர 'இறக்கு.'" என்று தானே இரண்டைத் தெரிவு செய்தாள்.

"அப்பனைப் பாத்துப் 'பிடி' எண்டு சொல்லுவியோ?"

"'பிடியுங்கோ அப்பா' எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் விழுந்து முடிஞ்சிடுவன்."

மரியாதையை நிலத்தில் வைத்துக்கொள்வதென்று முடிவானது. ஆனால் சொற்களைப் பழக்கினாலும், தன் கயிற்றைப் பிர்கிட்டாதான் பிடிப்பார் என்ற அவளின் முடிவு மாறவில்லை. நானும் கேட்கவில்லை.

6

புறப்படும் நாள் ஆரணியும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க, கமலா சாமியறையில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு எங்கள் சாமான்களைச் சுற்ற வந்தாள். ஆரணி பாய்ந்து கயிற்றைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினாள். "அம்மா! நைலோன் கயிறு! ஒரு பொறி பட்டால் சரி!" கமலா அசரவில்லை. கயிற்றை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சுற்றினாள். என் நெற்றியில் திருநீறு பூசும்போது காதுக்குள் சொன்னாள்: "வீரம் காட்டாதேங்கோ. கேட்டு நடவுங்கோ."

கப்பலிலும் பிறகு வான் வண்டியிலும் போய் மலையடிவாரத்தில் ஒரு மரவீட்டில் தங்கினோம். மற்றவர்கள் எல்லோரும் இளம் டெனிஷ்காரர். காலமை பிர்கிட்டா வெப்பநிலையைப் பார்த்தார், பனியைத் தட்டிச் சத்தம் கேட்டார், முதலில் நினைத்திருந்த சுவர் வேண்டாம் என்று வேறொன்றுக்குக் கூட்டிப்போனார். நீலமாக, என் சலவை ஆலையின் கூரையைவிட உயரமாக நின்றது. அண்ணாந்து பார்த்து, முருகா என்றேன்.

கயிறுகள் போட்டாயிற்று. ஆரணி பிர்கிட்டா பிடிக்க இருந்த கயிற்றைத் தன் பட்டியில் முடிந்துகொண்டிருந்தாள். பிர்கிட்டா எல்லோரையும் அரைவட்டமாக நிறுத்தி, வலது பக்க மேல்மூலையைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். காற்று வேறு. 'பனி', 'மேலே', 'ஓடு' என்று மூன்று சொல் பிடிபட்டது. ஓடவேண்டுமோ, ஓடக்கூடாதோ? எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் சரிதானே என்று கேட்டார்.

என் கழுத்து தானாக ஆடத் தயாராகிவிட்டது. வாயில் அந்த இரண்டு சொல்லும் வந்து நின்றன. அறுபது வயது மனுசன், சுற்றிவர வெள்ளைப் பிள்ளைகள், என் மகளுக்கு முன்னால்.

"எனக்கு விளங்கவில்லை," என்றேன் டெனிஷில். சத்தமாகத்தான் வந்துவிட்டது.

பிர்கிட்டா திரும்பச் சொன்னார். எனக்கு இன்னமும் பாதிதான்.

"இன்னும் விளங்கவில்லை. ஓடுவதோ, ஓடாமல் இருப்பதோ?"

அவர் கிட்ட வந்தார். கையால் காட்டி, ஆறுதலாகச் சொன்னார். மேலே தொங்குகிற பனிக்கூர் உடைந்து விழுந்தால் 'பனி!' என்று கத்துவார்கள். அப்போது மேலே பார்க்கக்கூடாது, ஓடக்கூடாது. முகத்தைத் தாழ்த்தி, தோளை ஒடுக்கி, சுவரோடு ஒட்டவேண்டும், கயிற்றை விடாமல். நான் செய்து காட்டினேன். இந்த முறை எதற்குச் செய்கிறேன் என்று தெரிந்து செய்தேன்.

பக்கத்தில் நின்ற நெட்டையான பையன் தொண்டையைச் செருமினான். "உண்மையைச் சொன்னால், நானும் ஓடவேண்டும் என்றுதான் நினைத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிர்கிட்டா சிரிக்கவில்லை. முதலில் இருந்து எல்லோருக்கும் திரும்பச் சொன்னார்.

அந்த நேரத்தில் ஆரணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிர்கிட்டாவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, இரும்புப் பல் பனியில் நறநறக்க என்னிடம் வந்தாள். எனக்கு முன்னால் நின்று, நான் ஏறுவதற்குப் போட்டிருந்த கயிற்றின் ஒரு முனையை எடுத்துத் தன் இடுப்பில் முடிந்தாள், மற்றப் பக்கத்தை என் கருவியில் பூட்டச் சொன்னாள்.

"சோதியுங்கோ அப்பா."

முடிச்சைப் பார்த்தேன். பட்டியை இழுத்தேன். என் கருவியின் பூட்டை அவள் திருகிப் பார்த்தாள். இரண்டு பேரும் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் வேலை கெட்டிருக்கும். நான் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே போய் நின்றேன்.

ஏறினாள். கோடரி கொத்தக் கொத்தப் பனித்தூள் என் ஹெல்மெட்டில் சொரிந்தது. நான் கயிற்றை எடுத்துக்கொண்டே இருந்தேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, "பிடி!" என்று கத்தினாள். இறுக்கினேன். அவள் கோடரியைச் சுவரில் இருந்து கழற்றி, கையையும் எடுத்து, பின்னுக்குச் சாய்ந்து கயிற்றில் இருந்தாள்.

பட்டி என் இடுப்பை மேலே இழுத்தது. குதி கொஞ்சம் எழும்பி இறங்கியது. அவளைக் கடைசியாக எப்போது தூக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. எந்தத் தகப்பனுக்கும் அந்த நாள் நினைவிருக்காது. ஒருநாள் தூக்கி இறக்கிவிடுகிறோம், பிறகு அவர்கள் கேட்பதில்லை. அங்கே, அந்தக் குளிரில், என் பிள்ளை முழுப் பாரத்தோடும் திரும்ப என்னில் இருந்தாள். நல்ல கனமாக இருந்தாள்.